முன்பாரம், பின்பாரம்

மொதல்லயே ஒரு எச்சரிக்கை. இது வரலாறு, பௌதிகம், கொசுவத்தி மூணும் கலந்த பதிவு. நீளமும் கொஞ்சம் ஜாஸ்தி. டீ எதுனா போட்டு வச்சுக்கிட்டு உக்காருங்க :-)

ரெண்டு குளிர்காலத்துக்கு முன்னாடி ஆணி புடுங்குறதுக்காக என்னை அமெரிக்காவுல மின்னசோட்டாவுக்கு அனுப்பி வச்சாங்க. காரைக்கால் தலத்தெருவுல பொறந்து வளர்ந்தவனுக்குக் குளிர்னா என்ன தெரியும்? மார்கழி மாசம் விடியக்காலைல கோயிலுக்குப் போறப்ப காதுல மப்ளர் சுத்திப்போம். அவ்வளவுதான் நம்ம அனுபவம். அங்க மைனஸ் இருபது. மூக்குக்குள்ள இருக்குற முடியெல்லாம் விறைச்சு ஊசி மாதிரி குத்துது.

ஒரு சனிக்கிழமை டீம் மக்கள் ஸ்னோமொபைல் ஓட்டலாம் வாடான்னு இழுத்துக்கிட்டுப் போனாங்க. பார்க்காதவங்களுக்கு: முன்னாடி ரெண்டு சறுக்குப் பலகை, அதை ஹேண்டில்பார் வச்சுத் திருப்பலாம். பின்னாடி சக்கரத்துக்குப் பதிலா டாங்கிக்கு இருக்குற மாதிரி ஒரு அகலமான ரப்பர் பட்டை. நடுவுல பைக் மாதிரி சீட்டு. நம்ம புல்லட்டும் ஒரு புல்டோசரும் கல்யாணம் பண்ணிக்கிட்டா பொறக்குற புள்ளை.

வாடகைக்கு விடுற ஆள் ஒரு பெரியவர். எல்லாரையும் வரிசையா நிறுத்தி, "எடை எவ்வளவு?"ன்னு கேட்டுக்கிட்டே வர்றார். என் முறை வந்துச்சு. பக்கத்துல டீம் பொண்ணுங்க நிக்கிறாங்க. வயித்தை உள்ள இழுத்துக்கிட்டு "எண்பது கிலோ"ன்னு சொன்னேன். நெசம் தொண்ணூத்தி ஒண்ணு. அதுக்கு மேல குளிர்கோட்டு, பூட்ஸ், ஹெல்மெட். பெரியவர் ஒரு பார்வை பார்த்தார். ஒண்ணும் சொல்லல. வண்டிக்குப் பின்னாடி குனிஞ்சு ஒரு ஸ்பேனரைப் போட்டு எதையோ திருப்பிட்டுப் போயிட்டார்.

கால் மணி நேரம் கழிச்சு ஒரு மேடு. பனிக்கு அடியில என்ன இருந்துச்சோ, வண்டி எகிறி இறங்குனப்ப 'டொம்'னு ஒரு சத்தம். முதுகெலும்புல கீழேருந்து மேல வரைக்கும் கரண்ட் பாஞ்சாப்புல இருந்துச்சு. திரும்பி வந்ததும் பெரியவர்கிட்ட உண்மையைக் கக்குனேன். அவர் சிரிச்சுட்டே இன்னொரு சுத்து திருப்பினார். அடுத்த ரவுண்டுல அதே மேடு. இந்தத் தடவை சும்மா மெத்தைல விழுந்த மாதிரி இருந்துச்சு. பொய் சொன்னா சாமி கண்ணைக் குத்தும்பாங்க. ஸ்னோமொபைல் முதுகுலயே குத்துது!

அன்னைக்கு ராத்திரி ரூமுல தைலம் தேய்ச்சுக்கிட்டுப் படுத்திருந்தப்ப எனக்கு எங்க தாத்தா ஞாபகம் வந்துச்சு. ஏன்னு சொல்றேன்.

*

தாத்தாவும் வண்டியும்

தாத்தா ஒரு மிராசுதார்கிட்ட வண்டி ஓட்டுனவர். நெடுங்காடு பக்கத்துலேருந்து காரைக்காலுக்கு நெல்லு மூட்டை ஏத்திக்கிட்டு வர்றது வேலை. நான் பொறக்குறதுக்கு ரொம்ப முன்னாடியே மாடும் வண்டியும் போயிடுச்சு. ஆனா கதை மட்டும் நான் இஞ்சினியரிங் ரெண்டாவது வருஷம் படிக்கிறப்ப அவர் கண்ணை மூடுற வரைக்கும் ஓடிக்கிட்டே இருந்துச்சு. மெக்கானிக்கல் படிச்சுட்டுப் பொட்டி தட்டப் போன கோஷ்டியில நானும் ஒருத்தன். நான் படிச்ச பாடத்துல பாதியைத் தாத்தா எனக்கு முன்னாடியே திண்ணையில நடத்தி முடிச்சிருந்தார், அது எனக்குத்தான் அப்பப் புரியல.

அவர் அடிக்கடி சொல்ற ரெண்டு வார்த்தை முன்பாரம், பின்பாரம். மாட்டு வண்டிக்கு ரெண்டே சக்கரம். அச்சு நடுவுல. அப்போ அது ஒரு தராசு. மூட்டையை அச்சுக்கு முன்னாடி ஜாஸ்தி அடுக்குனா நுகத்தடி மாட்டுக் கழுத்தை அமுக்கும். அது முன்பாரம். பின்னாடி ஜாஸ்தியானா நுகத்தடி மேல தூக்கும், பூட்டாங்கயிறு மாட்டுத் தொண்டையை இறுக்கும். அது பின்பாரம்.

கணக்கு ரொம்ப சிம்பிள். அச்சுலேருந்து நுகத்தடி மூணு மீட்டர் தூரம்னு வச்சுக்குவோம். 60 கிலோ நெல்லு மூட்டை ஒண்ணை அரை மீட்டர் முன்னாடி நகர்த்துனா, நுகத்தடியில 10 கிலோ கூடிரும். ஒரே ஒரு மூட்டைக்கு இது. பதினஞ்சு மூட்டை ஏத்துற வண்டியில அடுக்கு தப்பாப் போனா என்ன ஆகும்னு நீங்களே பார்த்துக்கங்க.

"நுகத்தடியைத் தூக்கிப் பாரு தம்பி. ஒத்தக் கையால தூக்கணும், ஆனா தானாத் தூக்கப்படாது" என்பார். அதாவது லேசான முன்பாரம் இருக்கணும். மாடு பூட்டுறதுக்கு முன்னாடி கையால தூக்கிப் பார்த்து, மூட்டையை அங்க இங்க நகர்த்திச் சரி பண்ணிட்டுத்தான் கிளம்புவாராம்.

இதுல நிலம் வேற குறுக்க வரும். நம்ம டெல்டா சப்பைத் தரைதான், ஆனா வாய்க்காலும் மதகும் ஏராளம். மதகுல ஏர்றப்ப வண்டி பின்னாடி சாயும். பாரத்தோட மையம் அச்சுக்கு மேல உசரத்துல இருக்குறதால, சாயுறப்ப அதுவும் பின்னாடி போயிடும். உடனே பின்பாரம். தாத்தா எழுந்து முன்னாடி நகர்ந்து உக்காருவாராம். இறங்குறப்ப அப்படியே உல்டா. பாரம் மாட்டுக் கழுத்துல வந்து குந்தும், இவர் பின்னாடி நகரணும். இல்லேன்னா இறங்கி நடக்கணும்.

ஆக, வண்டிக்காரரோட சொந்த ஒடம்புதான் அட்ஜஸ்ட்மென்ட். தப்புப் பண்ணுனா தண்டனை அவருக்கு இல்ல, மாட்டுக்கு. கழுத்து காய்ப்புக் காய்ச்சு, அப்புறம் புண்ணாயிடும். வேப்பெண்ணெய்யும் மஞ்சளும் தடவிக்கிட்டே "மாட்டுக் கழுத்தைப் பார்த்தா ஓட்டுறவன் யோக்கியதை தெரிஞ்சிரும்" என்பார் தாத்தா.

இது கிராமத்துப் பெருசுங்க கதை மட்டும் இல்ல. பெங்களூரு ஐஐஎம்மோட முதல் இயக்குநரா இருந்த என்.எஸ்.ராமசாமி 1970களிலேயே இதைக் கையில எடுத்தார். மேனேஜ்மென்ட் காலேஜ் டைரக்டர், கோட்டு சூட்டு ஆள், மாட்டு வண்டியைப் பத்தி ஊர் ஊராப் பேசுனார். நாட்டோட சரக்குல எவ்வளவோ மாட்டு வண்டியில போகுது, அதை ஏன் எந்த இஞ்சினியரும் திரும்பிப் பார்க்கலன்னு கேட்டார். நுகத்தடியை மாத்தணும், சக்கரத்தை மாத்தணும், மாட்டோட வலியைக் குறைக்கணும்கிறது அவரோட வாதம். தாத்தா அவர் பேரைக் கேள்விப்பட்டிருக்க வாய்ப்பே இல்ல. ஆனா ரெண்டு பேரும் ஒரே கட்சி.

வள்ளுவரும் இந்தக் கட்சிதான். மயிலிறகே ஆனாலும் அளவுக்கு மேல ஏத்துனா வண்டி அச்சு முறிஞ்சுடும்னு 475-வது குறள்ல சொல்லிட்டுப் போயிட்டார். அதிகாரத்தோட பேர் வலியறிதல். லோடு லிமிட் பத்தி உலகத்துலயே ரொம்பப் பழைய டாக்குமெண்டேஷன்ல இதுவும் ஒண்ணா இருக்கணும் :-)

*

வில்லு வந்த கதை

மிராசுதார் வீட்டுல இன்னொரு வண்டியும் இருந்துச்சு. வில்வண்டி. சனிக்கிழமை அந்த வீட்டுப் பொம்பளைங்க திருநள்ளாறு போறதுக்கு. கூண்டு, உள்ள வைக்கோல் மெத்தை, அடியில இரும்பு வில்லு.

நான் சின்ன வயசுல வில்வண்டின்னா வில்லு மாதிரி வேகமாப் போற வண்டின்னு நெனச்சிருந்தேன். இல்லைங்க. அச்சுக்கும் கூண்டுக்கும் நடுவுல வளைஞ்ச இரும்புப் பட்டையை ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கி வச்சிருப்பாங்க. பார்க்க வில்லு மாதிரியே இருக்கும். இங்கிலீஷ்ல லீஃப் ஸ்பிரிங். அவங்களுக்கு இலையாத் தெரிஞ்சது நமக்கு வில்லாத் தெரிஞ்சிருக்கு. எது பொருத்தமான பேருன்னு நீங்களே முடிவு பண்ணிக்கங்க. வளைச்சா திருப்பி ஒதைக்கணும், அதுதானே ஸ்பிரிங்?

இங்கிலாந்துல ஒபதையா எலியட்ங்கிறவர் 1804-ல ரெண்டு வில்லை எதிரெதிரா வச்சுக் கோச்சு வண்டிக்கு மாட்டுனார். அதுக்கப்புறம்தான் அந்த ஊர்ல குதிரை வண்டி லேசாச்சு, சொகுசாச்சு.

ஸ்பிரிங்குக்குப் பின்னாடி இருக்குற கணக்கு அதுக்கும் முந்தி வந்துருச்சு. ராபர்ட் ஹூக். எவ்வளவு பாரமோ அவ்வளவு நீட்சின்னு கண்டுபிடிச்ச மனுஷன், அதை 1676-ல வெளியிடுறப்ப எழுத்தையெல்லாம் அகர வரிசைல கலைச்சுப் போட்டு ஒரு புதிராத்தான் வெளியிட்டார். யாரும் திருடக் கூடாது, ஆனா நான்தான் மொதல்லன்னு பின்னாடி நிரூபிக்கவும் முடியணும். ரெண்டு வருஷம் கழிச்சு 1678-ல தான் புதிரை அவிழ்த்தார். நம்ம ஆளுங்க பாஸ்வேர்டை ஹேஷ் பண்ணி வைக்கிற மாதிரி. அந்தக் காலத்துலயே பலே கில்லாடி.

அடுத்த பெரிய தாவல் காத்து. 1845-லேயே ராபர்ட் வில்லியம் தாம்சன் காத்தடைச்ச டயருக்குக் காப்புரிமை வாங்கிட்டார், ஆனா யாரும் கண்டுக்கல. 1888-ல பெல்பாஸ்ட்டுல ஜான் பாய்ட் டன்லப் திரும்பக் கண்டுபிடிச்சார். இவர் இஞ்சினியர் இல்ல, மாட்டு டாக்டர்! தன் சின்னப் பையனோட மூணு சக்கர சைக்கிள் குலுங்குதேன்னு ரப்பர் குழாய்ல காத்தடிச்சு மாட்டுனார். நம்ம ஊர்ல கட்டை வண்டி டயர் வண்டி ஆனப்ப அதை டன்லப் வண்டின்னே கூப்பிட்டாங்க. மாட்டு டாக்டரோட பேரு கடைசில மாட்டு வண்டிக்கே வந்து சேர்ந்துச்சு.

*

ரெண்டு சக்கரம், ஒரு ஸ்பிரிங்

இப்ப மோட்டார் சைக்கிளுக்கு வருவோம். ரொம்ப காலம் பைக்குல பின்சக்கரத்துக்கு ஸ்பிரிங்கே கிடையாது. சீட்டுக்கு அடியில ரெண்டு ஸ்பிரிங், அதோட சரி. முன்பக்கம் மட்டும் முன்னேறிக்கிட்டே இருந்துச்சு. பி.எம்.டபிள்யூ 1935-ல எண்ணெய் அடைச்ச டெலஸ்கோப் ஃபோர்க்கைக் கொண்டு வந்தது.

பின்பக்கத்துல நமக்கு நெருக்கமான கதை ராயல் என்ஃபீல்டு புல்லட். 1948-ல இத்தாலில நடந்த ஆறு நாள் பந்தயத்துல, பின்சக்கரத்தை ஒரு ஆடுற கையில மாட்டி, ரெண்டு ஷாக் அப்சர்பர் வச்ச புல்லட்டை எறக்குனாங்க. தங்க மெடலோட திரும்பி வந்துச்சு. 1949-ல அதே அமைப்போட 350 சிசி புல்லட் விற்பனைக்கு வந்தது. நம்ம ராணுவம் எல்லை ரோந்துக்கு அதை வாங்க, 1955-ல மெட்ராஸ் மோட்டார்ஸோட சேர்ந்து என்ஃபீல்டு இந்தியா உருவாகி, திருவொற்றியூர்ல தொழிற்சாலை வந்தது. இங்கிலாந்துக் கம்பெனி 1970 வாக்குல படுத்துருச்சு. நம்ம திருவொற்றியூர் புல்லட் மட்டும் ஓடிக்கிட்டே இருந்துச்சு.

எங்க ஊர் கதை கொஞ்சம் வேற. காரைக்காலைப் பிரெஞ்சுக்காரன் 1739-ல பிடிச்சு, 1954 நவம்பர் 1-ல தான் கையை விட்டான். சட்டப்படி கைமாறுனது 1962-ல. அப்புறமும் பிரெஞ்சு வாசனை போகல. பிரான்ஸ் மோட்டோபெக்கான் கம்பெனி 1949-லேருந்து போட்டுக்கிட்டிருந்த மொபைலட் மொபெட்டை, அவங்க உரிமத்தோட ஆந்திராவுல சுவேகான்னு பேர் வச்சுத் தயாரிச்சாங்க. பெடல் மிதிச்சு ஸ்டார்ட் பண்ணணும். பிரெஞ்சுக்காரன் போனதுக்கப்புறமும் பிரெஞ்சு வண்டி ஆந்திரா வழியா வந்துச்சுன்னு எங்க வீட்டுல ஒரு ஜோக்கு.

அப்புறம் 1980. ஓசூர்லேருந்து டிவிஎஸ் 50. ரெண்டு பேர் போகக்கூடிய மொபெட். 1912-ல தஞ்சாவூருக்கும் புதுக்கோட்டைக்கும் பஸ் விட்ட அதே டிவிஎஸ் குடும்பம். பஸ் போகாத வரப்புக்கும் வண்டி கொடுத்தது இந்த ஐம்பது சிசி எஞ்சின்தான். நெல்லு மூட்டை, உர மூட்டை, மீன் கூடை, பால் கேன், வைக்கோல், ஆட்டுக்குட்டி, எதைத்தான் அதுல ஏத்தல? கிளிஞ்சல்மேட்டுலேருந்து மீன் கூடையைக் கட்டிக்கிட்டு வர்ற வண்டியைப் பார்த்தா வண்டியே தெரியாது, கூடை தானா நகர்ந்து வர்ற மாதிரி இருக்கும். 2015-ல நாலு ஸ்ட்ரோக் எஞ்சினோட எக்ஸ்எல் 100-ன்னு மாறுனப்பவும் வேலை மாறல.

மாட்டு வண்டியோட வாரிசு லாரின்னு நெனைக்கிறோம். நம்ம டெல்டாவுல நெசமான வாரிசு டிவிஎஸ் 50 தான்னு நான் அடிச்சுச் சொல்வேன். முன்னாடி கால் வைக்கிற இடத்துல ஒரு மூட்டை, பின்னாடி கேரியர்ல ஒரு மூட்டை. முன்பாரம், பின்பாரம்!

*

ஸ்பேனர்ல என்ன திருப்புறோம்?

இங்க கொஞ்சம் பௌதிகம். பைக்கோட பின் ஷாக் அப்சர்பரைப் பாருங்க (எங்க ஊர் மெக்கானிக் எல்லாருக்கும் அது 'ஷாக் அப்சர்வர்'. அதிர்ச்சியை வேடிக்கை பார்க்குறவர்!). ஸ்பிரிங்குக்குக் கீழ படிக்கட்டு மாதிரி வெட்டுன ஒரு வளையம் இருக்கும். பல வண்டியில அஞ்சு ஸ்டெப். கொக்கி மாதிரி ஒரு ஸ்பேனர் போட்டுத் திருப்பினா ஸ்பிரிங் முன்கூட்டியே கொஞ்சம் அமுங்கும்.

"ஸ்பிரிங்கை டைட் பண்ணியாச்சு"ன்னு சொல்வாங்க. அது தப்பு. ஸ்பிரிங் மாறவே இல்ல. ஒரு கணக்குப் போடுவோம். 10 கிலோவுக்கு ஒரு சென்டிமீட்டர் அமுங்குற ஸ்பிரிங். 60 கிலோ உக்காந்தா 6 சென்டிமீட்டர் இறங்கும். மொத்தமே 9 சென்டிமீட்டர் தான் இருக்குன்னா, பள்ளத்துக்கு மிச்சம் 3 தான். இப்ப ஸ்டெப்பைத் திருப்பி ஸ்பிரிங்கை 3 சென்டிமீட்டர் முன்கூட்டியே அமுக்கி வச்சுட்டோம். 60 கிலோ உக்காந்தா இனி 3 சென்டிமீட்டர் தான் இறங்கும். மிச்சம் 6. ஸ்பிரிங் அதே பழைய 10 கிலோ ஸ்பிரிங்தான். நாம மாத்துனது அது வேலையை ஆரம்பிக்கிற இடத்தை.

பொதுவான விதி: நாம ஏறி உக்காந்தா மொத்த ஆட்டத்துல கால்வாசிலேருந்து மூணுல ஒரு பங்கு வரை இறங்கணும். ரொம்ப இறங்குனா பள்ளத்துல அடி இடிக்கும். நான் மின்னசோட்டாவுல வாங்குன 'டொம்' அதுதான். இறங்கவே இல்லேன்னா அதுவும் ஆபத்து. சக்கரம் பள்ளத்துக்குள்ள எறங்கி ரோட்டைத் தொட முடியாது, ஒவ்வொரு கல்லும் நேரா முதுகுக்கு வரும். காலி லாரி எப்படி எகிறிக்கிட்டுப் போகும்? ஸ்பிரிங் லோடுக்காகக் காத்துக்கிட்டு இருக்கு, லோடைக் காணோம். அதுக்குத்தான் லாரியில ஹெல்ப்பர் பட்டைன்னு மேல தனியா ஒரு கட்டு வைப்பாங்க. லோடு ஏத்துனா மட்டும்தான் அது வேலைக்கு வரும். ஸ்பேனர் இல்லாமலே அட்ஜஸ்ட்மென்ட்.

இப்ப ஸ்னோமொபைலுக்குத் திரும்புவோம். அந்தப் பெரியவர் மொதல்ல திருப்புனது இந்த எடைக் கணக்கைத்தான். அப்புறம் சாயங்காலம் இன்னொண்ணு பண்ணினார். ரப்பர் பட்டைக்கு உள்ள, முன்பக்கம் ஒரு வார் இருக்கு. அதை இழுத்துக் கட்டினா பாரம் முன் சறுக்குப் பலகைக்குப் போகும். கெட்டிப் பாதையில வளைவுல நல்லாத் திரும்பும். அதையே தளர்த்தினா, ஆக்சிலரேட்டர் முறுக்குறப்ப பாரம் பின்னாடி போயி மூக்கு லேசாத் தூக்கும். புதுசா விழுந்த ஆழப் பனியில புதையாம மிதக்கும்.

அவர் இதை விளக்குறப்ப நான் வாயைப் பொளந்துட்டு நின்னேன். யோவ், இது எங்க தாத்தாவோட முன்பாரம் பின்பாரமாச்சேய்யா! நெடுங்காட்டு மதகுல அவர் எழுந்து முன்னாடி நகர்ந்து உக்காந்ததைத்தானே இங்க ஒரு வாரை வச்சுப் பண்றீங்க!

இந்த வண்டியோட பூர்வீகத்தைத் தேடிப் படிச்சேன். கனடாவுல கியூபெக் பக்கம் ஜோசப் அர்மான் பொம்பார்டியர்னு ஒரு மெக்கானிக். சின்ன வயசுலேருந்தே பனியில ஓடுற வண்டி பண்ணணும்னு அலைஞ்சவர். 1934 ஜனவரியில அவரோட ரெண்டு வயசுப் பையனுக்குக் குடல்வால் வெடிச்சு ஒடம்பெல்லாம் சீழ் பரவிருச்சு. ரோடு முழுக்கப் பனி. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக வழி இல்ல. பட்டறைல இருந்த வண்டி ஓடுற நிலைமைல இல்ல. குழந்தை செத்துப் போச்சு. 1937-ல அவர் பல்சக்கரமும் ரப்பர் பட்டையும் வச்ச அமைப்புக்குக் காப்புரிமை வாங்கி ஏழு பேர் போற பனி வண்டி பண்ணினார். 1959-ல ஸ்கி-டூ வந்தது. இதுக்கு நடுவுல 1950கள்ல மின்னசோட்டாவுல ரோசோங்கிற சின்ன ஊர்ல போலாரிஸ் கம்பெனியும் இதே வேலையில இறங்குச்சு. இன்னைக்கு நம்ம சியாச்சின் ஜவான்களுக்கும் குல்மார்க் டூரிஸ்ட்டுங்களுக்கும் பனி ஸ்கூட்டர் இருக்குன்னா, வேர் அந்த மாதிரிப் பட்டறைங்கள்லதான் இருக்கு. நாம ஜாலிக்கு ஓட்டிட்டு வந்தது ஒரு அப்பாவோட துக்கத்துல பொறந்த வண்டின்னு தெரிஞ்சப்ப ஒரு மாதிரி ஆயிடுச்சு.

*

அப்பா

இப்பதான் நெசமாச் சொல்ல வந்ததுக்கு வர்றேன்.

எங்க அப்பா தலத்தெருவுல மளிகைக்கடை வச்சிருந்தார். டவுன்லேருந்து அரிசி மூட்டை, சர்க்கரை மூட்டை, எண்ணெய் டின்னு எல்லாம் மொபெட்டுல வரும். பின்னாடி ஒரு நூறு சிசி பைக் வாங்கினார், அதுலயும் மூட்டைதான். வாங்குன புதுசுலேயே மெக்கானிக் பின் ஸ்பிரிங்கை அஞ்சாவது ஸ்டெப்புல வச்சுட்டார். ஐம்பது கிலோ மூட்டை கட்டுற வண்டிக்கு அது சரிதான். தப்பே சொல்ல முடியாது.

நாலஞ்சு வருஷத்துக்கு முன்னாடி அப்பாவுக்கு முதுகு போச்சு. டிஸ்க் அமுங்கியிருக்கு, மூட்டை தூக்கவே கூடாதுன்னுட்டாங்க. கடையை மூடியாச்சு. ஆனா பைக் மட்டும் விடல. கோயிலுக்கு, மார்க்கெட்டுக்கு, மருந்துக்கடைக்கு, தெனம் அதுலதான். தெனம் ராத்திரி முதுகு வலின்னு சுவத்துல சாஞ்சு உக்காந்திருப்பார். ரோடு சரியில்லடா என்பார். நானும் அங்கேருந்து போன்ல ரோடு போடாத கவர்மென்டைத் திட்டிட்டு வச்சுருவேன். மகனோட கடமை முடிஞ்சுச்சு.

மின்னசோட்டாவுலேருந்து திரும்புன வருஷம் ஆனி மாசம், மாங்கனித் திருவிழாவுக்கு லீவு போட்டு ஊருக்கு வந்தேன். அப்பாவோட பைக்கை எடுத்துக்கிட்டு பாரதியார் ரோடு வரைக்கும் போயிட்டு வந்தேன். தொண்ணூத்தி ஒரு கிலோ எனக்கே கல்லு கல்லாத் தெரியுது. வண்டியை நிறுத்திக் குனிஞ்சு பார்த்தேன். அஞ்சாவது ஸ்டெப். அப்பா எடை அறுபத்தி ரெண்டு கிலோ.

மூட்டை இறங்கிப் பல வருஷம் ஆச்சு. ஸ்பிரிங் மட்டும் இன்னும் மூட்டையைச் சுமந்துக்கிட்டே இருக்கு.

அதைப் பார்த்துட்டு அப்படியே திண்ணையில உக்காந்துட்டேன். மெக்கானிக்கல் இஞ்சினியரிங் நாலு வருஷம். கடல் தாண்டிப் போனப்ப முன்னப்பின்ன தெரியாத ஒரு பெரியவர் என் எடையைக் கேட்டு வண்டியை மாத்திக் கொடுத்தார். எங்க வீட்டு வாசல்ல நிக்கிற வண்டியை நான் ஒரு தடவை கூடக் குனிஞ்சு பார்த்ததில்ல. தாத்தா மாடு பூட்டுறதுக்கு முன்னாடி தெனம் நுகத்தடியைத் தூக்கிப் பார்ப்பார். அவர் பேரன் வாராவாரம் போன்ல "முதுகு எப்படிப்பா இருக்கு?"ன்னு கேட்பான், அவ்வளவுதான்.

பழைய டூல் பையில கொக்கி ஸ்பேனர் துருப்பிடிச்சுக் கிடந்துச்சு. வளையமும் துரு. மண்ணெண்ணெய் விட்டு ஊற வச்சு, ரெண்டு பக்கமும் ரெண்டாவது ஸ்டெப்புக்குக் கொண்டு வந்தேன். ரெண்டு பக்கமும் ஒரே அளவு, அது முக்கியம். டயர்ல காத்தும் ஏகத்துக்கு இருந்துச்சு, அதையும் சரி பண்ணினேன். மொத்தச் செலவு பூஜ்ஜியம். நேரம் அரை மணி.

அப்பா "நல்லா இருக்குறதை ஏண்டா நோண்டுற?"ன்னு கேட்டுக்கிட்டே வண்டியை எடுத்துக்கிட்டுப் போனார். இருபது நிமிஷம் கழிச்சுத் திரும்பி வந்தார். ஸ்டாண்டு போட்டார். செருப்பைக் கழட்டிக்கிட்டே, "கோயில் முக்குல ஒரு பள்ளம் இருக்குமே, அதை மூடிட்டாங்களா?"ன்னு கேட்டார்.

மூடல. அந்தப் பள்ளம் அங்கேயேதான் இருந்துச்சு.

ஸ்பிரிங்கைத் திருப்பினா டிஸ்க் சரியாயிடாதுங்க. டாக்டர் சொன்ன உடற்பயிற்சி, மாத்திரை எல்லாம் தொடருது. ராத்திரி வலி இருக்கு, குறைஞ்சிருக்கு. அவர் வாயாலேயே சொல்ல மாட்டார். அம்மாதான் போன்ல சொன்னாங்க. அம்மா பின்னாடி உக்காந்தா நாலாவது ஸ்டெப், தனியாப் போனா ரெண்டாவதுன்னு பெயின்ட்ல புள்ளி வச்சுக் கொடுத்துட்டு வந்திருக்கேன். "என்னை ஏத்திக்கிறதுக்கு முன்னாடி ஸ்பேனரைத் தேடுறார்டா உங்கப்பா, தெருவே பார்க்குது"ன்னு அம்மாவுக்குக் கோவம் :-)

டன்லப் மகனோட சைக்கிளுக்காகப் பண்ணினார். பொம்பார்டியர் மகன் போனதுக்கப்புறமும் விடாமப் பண்ணினார். தாத்தா மாட்டுக்காகப் பண்ணினார். நான் பண்ணுனது ரெண்டு பக்கமும் மூணு ஸ்டெப் திருப்புனது மட்டும்தான். அதுவும் பல வருஷம் லேட்டு.

டிஸ்கி: உங்க வீட்டுல அப்பாவோ மாமாவோ பழைய பைக் ஓட்டுறாங்களா? அடுத்த தடவை ஊருக்குப் போறப்ப ஒரு தடவை குனிஞ்சு பாருங்க, எத்தனாவது ஸ்டெப்புல நிக்குதுன்னு. ஸ்டாண்டுல நிறுத்திட்டு, வண்டி சூடு ஆறுனதுக்கப்புறம் திருப்புங்க, கை பத்திரம். ஷாக்குல எண்ணெய் ஒழுகிச்சுன்னா நீங்க நோண்டாதீங்க, மெக்கானிக்கிட்ட விட்டுருங்க. அப்புறம் யாராச்சும் எடை கேட்டா, தயவு செஞ்சு உண்மையைச் சொல்லிருங்க.